ஆறு முதல் எட்டு வரை: எந்த முன்னேற்ற அறிக்கை எந்தப் பள்ளிக்குப் பொருந்தும்?

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 62 வாங்கினான். அந்த விடைத்தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. −3 −5 என்பதற்கு +8 என்று எழுதியிருந்தான். "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது பெருக்கலுக்கு உரிய விதி என்று அறியாமல் கூட்டலிலும் கழித்தலிலும் அதையே போட்டு வைத்திருந்தான். அவன் இழந்த 38 மதிப்பெண்ணில் பாதிக்குமேல் இந்த ஒரே பிழையால் போனவை. முன்னேற்ற அறிக்கையில் நான் எழுதியது, "கணக்கு 62, ரேங்க் 17". தந்தை கையெழுத்திட்டு அனுப்பினார். அரையாண்டில் 60. எட்டாம் வகுப்பில் சமன்பாடுகள் வந்தபோது அடியோடு நின்றுவிட்டான்.

அந்தப் பிழை எனக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குத் தெரிவிப்பதற்கென்றே அச்சிட்ட அட்டையில் அதை எழுத ஓர் அங்குல இடம்கூட இல்லை.

இருபத்தாறு ஆண்டுகள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துவிட்டு ஓய்வுபெற்ற பிறகு, பள்ளிகள் சிலவற்றின் ஆசிரியர் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். அங்கே தலைமையாசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: மதிப்பெண் போடுவதா, கிரேடு போடுவதா, திறன்களைப் பட்டியலிட்டு எழுதுவதா, பிள்ளையின் வேலைகளையே கோப்பாகக் கட்டிக் காட்டுவதா? நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

## இந்த மூன்று வகுப்புகளுக்கு ஏன் தனியாக யோசிக்க வேண்டும்

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது. அங்கே அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் பள்ளிக்குப் பெரிய விருப்பம் ஒன்றும் கிடையாது. ஆறு முதல் எட்டு வரை அப்படியில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வு எழுதித் தேற வேண்டியதில்லை என்கிறது. 29ஆம் பிரிவு, பிள்ளையைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிடச் சொல்கிறது. 2019இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்ததால் 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த நேரம் இருக்கிறது. பதிவேட்டிலும், எமிஸ் என்னும் கல்வித்துறையின் இணையத் தகவல் தளத்திலும் ஏற்ற வேண்டிய எண்களை ஏற்றியே ஆக வேண்டும். வீட்டுக்குப் போகும் தாளில் அதற்குமேல் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெருமளவு பள்ளியே முடிவு செய்யலாம். பல பள்ளிகள் இந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் மனக்குறை. அச்சகத்தில் கிடைக்கும் அட்டையை வாங்கி நிரப்புகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

அட்டையின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஐந்து கேள்விகளை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது: இதைப் படித்த பிள்ளைக்கு நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா? "இன்னும் நன்றாகப் படிக்கவும்" என்பது பதிலாகாது. எதை, எப்படி என்று தெரிய வேண்டும்.

இரண்டாவது, எழுதியிருப்பது எவ்வளவு நம்பகமானது? இதே விடைத்தாளைப் பக்கத்து ஊர் ஆசிரியர் திருத்தியிருந்தால் இதே முடிவுக்கு வந்திருப்பாரா?

மூன்றாவது, வீட்டில் படிப்பவருக்குப் புரியுமா? பல வீடுகளில் இந்த அட்டையைப் படித்துச் சொல்வது அந்தப் பிள்ளையேதான். தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே வாசித்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டிய நிலையில் 12 வயதுக் குழந்தை இருக்கிறது என்பதை அட்டையை வடிவமைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நான்காவது, ஆசிரியருக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? ஒரு பாட ஆசிரியர் ஐந்து பிரிவுகளுக்குப் போகிறார், பிரிவுக்கு 40 பேர் என்றால் 200 பிள்ளைகள். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டால் 1,000 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேரம். ஆண்டுக்கு மூன்று முறை என்றால் 50 மணி நேரம். இந்தக் கணக்கைப் போடாமல் முடிவெடுத்த பள்ளிகளில், இரண்டாம் பருவத்திலேயே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாக்கியம் வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐந்தாவது, பள்ளிக்கு வெளியே இந்தத் தாள் செல்லுபடியாகுமா? மாற்றுச் சான்றிதழோடு வேறு பள்ளிக்குப் போகும்போது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது இது கைகொடுக்குமா?

## முதல் வழி: மதிப்பெண்ணும் ரேங்கும்

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். கிராமங்களில் இன்னும் முன்னேற்ற அறிக்கைக்குப் பெயரே ரேங்க் கார்டுதான். ஆனால் இவை வேறு வேறு. மதிப்பெண் என்பது பிள்ளைக்கும் வினாத்தாளுக்கும் இடையிலான கணக்கு. ரேங்க் என்பது பிள்ளைக்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் இடையிலான கணக்கு.

மதிப்பெண்ணுக்கு நியாயமான இடம் உண்டு. பதிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். எவருக்கும் புரியும். வெளியே செல்லும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழிப் படிப்புதவித் தொகைத் தேர்வை, ஆசிரியர்கள் என்.எம்.எம்.எஸ். என்று சொல்வதை, எண்ணிப் பாருங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். அதற்கு விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு இருக்கிறது. மதிப்பெண்ணையே ஒழித்துவிட்டோம் என்று பெருமையோடு சொல்லும் பள்ளி, இந்த உதவித்தொகை தேவைப்படும் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லும்?

மதிப்பெண்ணின் குறை, அது துல்லியமாக இருப்பதுபோலத் தோன்றுவது. 62க்கும் 64க்கும் உள்ள வேறுபாடு, தேர்வுக்கு முதல் நாள் இரவு மின்சாரம் இருந்ததா என்பதைப் பொறுத்ததாக இருக்கலாம். ரேங்க் இந்தச் சிறு வேறுபாட்டைப் பூதாகரமாக்குகிறது. என் வகுப்பு ஒன்றில் 58க்கும் 64க்கும் நடுவில் 14 பேர் இருந்தார்கள். அடுத்த தேர்வில் மூன்று மதிப்பெண் கூடிய சிறுமி ஏழு இடம் முன்னேறினாள். மூன்று மதிப்பெண் குறைந்தவன் எட்டு இடம் பின்னால் போனான். ஒருத்திக்கு வீட்டில் கேசரி, ஒருவனுக்கு அடி. இருவரும் கற்றதில் பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை.

ரேங்கின் இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. கடைசிப் பத்தில் இருக்கும் பிள்ளைகள் உண்மையாகவே முன்னேறினாலும், முன்னால் இருப்பவர்களும் முன்னேறுவதால் அவர்கள் இடம் மாறுவதில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 36, 37, 36 என்று பார்த்த பிள்ளை, முயன்றாலும் ஒன்றும் ஆகாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவை ஒன்பதாம் வகுப்பில் மாற்றுவது மிகக் கடினம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளிலேயே மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திவிட்டது. ஆறாம் வகுப்பில் நாம் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ரேங்க் பொருத்தமாக இருக்கும் சூழல் ஒன்றையாவது எழுத வேண்டும் என்று யோசித்தேன். இந்த வயதுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

## இரண்டாம் வழி: தரக்குறியீடு

2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு எட்டாம் வகுப்பு வரை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40: செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கூட்டி வரும் எண்ணை ஏ1 முதல் இ2 வரை ஒன்பது படிகளில் ஒரு குறியீடாக மாற்ற வேண்டும். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, இப்படியே 41 வரை பத்துப் பத்தாக இறங்கும். அதற்குக் கீழே படிகளின் அகலம் மாறும்.

இந்த முறையின் நல்ல உள்ளத்தை நான் மதிக்கிறேன். மூன்று மணி நேரத் தேர்வில் கை நடுங்கும் பிள்ளைக்கு, பேசிக் காட்டவும் செய்து காட்டவும் 40 மதிப்பெண்ணுக்கு வாய்ப்புக் கிடைத்தது. எழுத்தில் திணறும் சிறுவன் ஒருவன் வரப்போரம் இருந்து இலைகளைப் பறித்து வந்து, சமச்சீர்க் கோட்டை ஒவ்வொன்றிலும் மடித்துக் காட்டினான். பழைய முறையில் அவனுடைய அந்த அறிவுக்கு எங்குமே மதிப்பெண் கிடைத்திருக்காது.

சிக்கல், கூட்டிக் குறியீடாக்கும் இடத்தில் தொடங்குகிறது. இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருத்திக்கு வளரறியில் 38, தொகுத்தறியில் 20. மொத்தம் 58.
இன்னொருவனுக்கு வளரறியில் 22, தொகுத்தறியில் 36. மொத்தம் 58.

இருவருக்கும் சி1. வகுப்பில் சுறுசுறுப்பாக இருந்து தனியே எழுதும்போது தடுமாறும் பெண்ணுக்கு ஒரு மருந்து. வகுப்பில் வாயே திறக்காமல் தேர்வில் ஓரளவு எழுதும் பையனுக்கு வேறு மருந்து. அட்டை இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. மதிப்பெண்ணாவது பிரித்துப் பார்க்க வழி விட்டது. குறியீடு அதையும் மூடிவிடுகிறது. அதோடு, ஒன்பது படிகளுக்கும் விளிம்புகள் இருக்கின்றன. 70 வாங்கியவளுக்கு பி2, 71 வாங்கியவனுக்கு பி1. 71 வாங்கியவனும் 80 வாங்கியவளும் ஒரே பி1. ரேங்கின் அநியாயத்தைப் போக்க வந்த முறையில் அதே அநியாயம் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறைவான செலவுகளில் பெரியது சார்ட் செலவு. செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்றவுடன், பள்ளிக்கு எதிரில் இருக்கும் கடையில் படம் ஒட்டிய சார்ட் விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். காசு இருக்கும் வீட்டுப் பிள்ளை வாங்கிவருகிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை, நாள்காட்டியின் பின்பக்கத்தில் வரைந்துவந்து கூச்சத்தோடு நீட்டுகிறது. எந்த வேலை பிள்ளையுடையது என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியருக்கு இதில் குழப்பமில்லை. 200 பேருக்குப் போட வேண்டியவர் பளபளப்பைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறார். அடுத்தது, வளரறி மதிப்பெண் எல்லோருக்கும் 36க்கும் 40க்கும் இடையில் தேங்கிவிடுவது. அப்படித் தேங்கிய பிறகு அது எதையும் சொல்வதில்லை.

குறியீடு பொருந்தும் இடம் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளியில், தேர்வு அச்சத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை என்றால் இது உதவும். ஆனால் 40ஐயும் 60ஐயும் தனித்தனிக் கட்டத்தில் காட்ட வேண்டும். செயல்பாட்டை வகுப்பறையிலேயே, பள்ளி கொடுக்கும் காகிதத்தில் செய்யச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு திருத்தங்களுக்கும் மேலிடத்து ஆணை எதுவும் தேவையில்லை.

## மூன்றாம் வழி: திறன்வாரி அறிக்கை

"முழுக்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரியும்", "ஒரு பத்தியைப் படித்து மையக்கருத்தைச் சொல்கிறாள்" என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழெட்டு வரிகள். எதிரே, வந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறது, உதவி வேண்டும் என்று மூன்று கட்டங்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. 2017இல் எட்டாம் வகுப்பு வரைக்குமான கற்றல் விளைவுகளை வகுப்புவாரியாக வெளியிட்டது. பல பள்ளிகளின் பட்டியலுக்கு அதுதான் மூலம்.

என் முதல் கேள்விக்கு இந்த வடிவம் நேராகப் பதில் சொல்கிறது. 62 வாங்கிய அந்தப் பையனின் அட்டையில் "முழுக்களின் கழித்தல்: உதவி வேண்டும்" என்று இருந்திருந்தால், அவன் அக்காவாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்புலமும் உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் கருத்துரை மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். கருத்துரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் வேலையும் மேலோங்கின. இரண்டையும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். என் வகுப்பிலும் இதைக் கண்கூடாகக் கண்டேன். விடைத்தாள் கையில் கிடைத்ததும் கண் நேராக மேல் மூலைக்குப் போகும். அடுத்து, பக்கத்துப் பையனின் மேல் மூலைக்கு. நான் சிவப்பு மையில் எழுதிய வரியைப் படித்தவர்கள் மிகச் சிலர். பிறகு ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன். கருத்து எழுதிய தாளை முதலில் கொடுத்து, இரண்டு கணக்கைத் திருத்தி எழுதச் சொல்லி, மூன்று நாள் கழித்தே மதிப்பெண்ணைச் சொல்வேன். காசு செலவில்லாத மாற்றம். முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஒரு பருவத்துக்குள் பழகிவிட்டது.

ஆனால் திறன்வாரி அறிக்கைக்கு இங்கிலாந்தின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. 1980களின் இறுதியில் அங்கே தேசியப் பாடத்திட்டத்தோடு நிலைகள் வந்தன. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்கு என்ன வேண்டும் என்று சொல்வதுதான் நோக்கம். நாளடைவில் ஒவ்வொரு நிலையும் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிளக்கப்பட்டது. 11 வயதுப் பிள்ளை "நான் 4பி" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு அது முத்திரையாயிற்று. 2014இல் நிலைகளை எடுத்துவிட்டார்கள். அதன்பின் பல உயர்நிலைப் பள்ளிகள் "தளிர்க்கிறது, வளர்கிறது, உறுதியாயிற்று" என்ற பொருள்படும் புதிய சொற்களைக் கொண்டுவந்தன. அவற்றுக்கு அடியில் பழைய நிலைகளின் பழக்கமே ஓடிக்கொண்டிருந்தது. நம் மூன்று கட்டங்களும் அப்படி ஆக அதிக நாள் ஆகாது.

வேலைச் சுமையும் கடுமையானது. எட்டுத் திறன், 200 பிள்ளை என்றால் 1,600 கட்டங்கள். டிக் போட இரண்டு மணி நேரம் போதும். ஒவ்வொரு டிக்குக்கும் ஆதாரம் வேண்டும் என்றால் வாரக்கணக்கில் ஆகும். ஆதாரம் இல்லாமல் போட்டால் எல்லாமே நடுக் கட்டத்தில் விழும்: வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது.

இந்த முட்டுச்சந்தில் இருந்து வெளியேற நான் கண்டுபிடித்த குறுக்குவழி, பிழைப் பட்டியல். விடைத்தாள் திருத்தும்போதே அடிக்கடி வரும் பிழைகளை ஒரு தாளில் எண்ணிட்டு எழுதிக்கொள்வேன். 1: கழித்தலில் பெருக்கல் விதியைப் போடுகிறான். 2: பின்னங்களைக் கூட்டும்போது மேலையும் கீழையும் தனித்தனியே கூட்டி ½ + ⅓ = ⅖ என்கிறான். 3: வினாவைப் படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு விடை எழுதுகிறான். இப்படிப் பன்னிரண்டுக்குமேல் போனதில்லை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் முதன்மையான ஒரு பிழையின் எண்ணை மட்டும் குறிப்பேன். அறிக்கையில் அந்த எண்ணுக்குரிய வாக்கியமும், அதற்கு வீட்டில் செய்ய வேண்டிய ஒரு பயிற்சியும் போகும். பிள்ளைக்கு ஒரு நிமிடம். 200 பேருக்கு மூன்று மணி இருபது நிமிடம். கணக்குக்கும் மொழிப் பாடங்களுக்கும் இது அழகாக வேலை செய்கிறது. சமூக அறிவியலுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அங்கே பிழைகள் அப்படிக் கூட்டமாக வருவதில்லை.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை 2025-26இல் தொடங்கிய திறன் திட்டத்தில், தமிழ், ஆங்கிலம், கணக்கில் யாருக்கு அடிப்படை வரவில்லை என்று முதலிலேயே பார்க்கிறார்கள். அந்தத் தகவல் ஏற்கெனவே ஆசிரியரிடம் இருக்கிறது. அதையே அறிக்கையின் முதல் வரியாக்கலாம், தனியாக இன்னொரு தேர்வு வைக்க வேண்டியதில்லை.

## நான்காம் வழி: மாணவர் கோப்பும் நேர்முகச் சந்திப்பும்

பருவம் முழுக்க பிள்ளை செய்த வேலைகளில் நான்கைந்தை அதுவே தேர்ந்தெடுத்துக் கோப்பில் வைக்கிறது. பெற்றோர் வரும் நாளில் ஆசிரியர் அருகில் இருக்க, பிள்ளையே விளக்குகிறது: "இது ஜூலையில் எழுதிய கட்டுரை, இது அக்டோபரில் எழுதியது." 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் முழுமை முன்னேற்ற அட்டையிலும் தன்மதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு எல்லாம் உண்டு. நம் ஊர் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பெற்றோர் அதை இப்போது பார்த்து வருகிறார்கள்.

இந்த வடிவத்தில் ஒரு பேரழகு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். கையெழுத்து சீராகியிருக்கிறது, பக்கம் நிரம்பியிருக்கிறது, அடித்தல் குறைந்திருக்கிறது. மற்ற மூன்று வழிகளாலும் அந்தத் தாயோடு நேராகப் பேச முடியாது.

செலவு, கூலி இழப்பு. வேலைநாளில் கூட்டம் வைத்தால் வந்து போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பெற்றோர் வரவே முடியாது. பாட்டி வருவார், அல்லது யாரும் வரமாட்டார்கள். கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளையைப் பார்க்க நேர்ந்தால், ரேங்க் அட்டையே தேவலை என்று தோன்றிவிடும். எனவே இதைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி, யாரும் வராத பிள்ளைக்கு முன்கூட்டியே ஓர் ஆசிரியரை ஒதுக்க வேண்டும். பெற்றோரோடு கைபேசியில் பேச மாலை நேரம் ஒதுக்க வேண்டும். 40 பேர் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம், ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஒரே நாளில் முடியாது.

## ஒரே பார்வையில்

| எடைக்கல் | மதிப்பெண், ரேங்க் | தரக்குறியீடு | திறன்வாரி அறிக்கை | கோப்பு, சந்திப்பு |
|---|---|---|---|---|
| அடுத்து என்ன செய்வது தெரியுமா | தெரியாது | தெரியாது | நன்கு தெரியும் | பேச்சைப் பொறுத்தது |
| நம்பகம் | மதிப்பெண்ணில் ஓரளவு, ரேங்கில் குறைவு | விளிம்புகளில் குறைவு | ஆதாரம் இருந்தால் உண்டு | ஒப்பிட முடியாது |
| வீட்டாருக்குப் புரிதல் | எளிது, தவறாகவும் புரியும் | பலருக்குக் குழப்பம் | படிக்கத் தெரிந்தால் எளிது | எல்லோருக்கும் |
| ஆசிரியர் நேரம், ஒரு முறைக்கு | ஒரு மாலை | இரண்டு மூன்று நாள் | 3 முதல் 17 மணி நேரம் | வகுப்புக்கு 7 மணி நேரம் |
| வெளியே செல்லுமா | மதிப்பெண் செல்லும் | மதிப்பெண் உடனிருந்தால் | செல்லாது | செல்லாது |
| மறைவான செலவு | பின்தங்கியவரின் நம்பிக்கை | சார்ட், தேங்கும் வளரறி | நடுக் கட்டத்தில் விழும் டிக் | பெற்றோரின் ஒரு நாள் கூலி |

## எந்தப் பள்ளிக்கு எது

பிரிவுக்கு 40, 45 பேர் படிக்கும் பெரிய அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு என் பரிந்துரை கலவைதான். மதிப்பெண் பதிவேட்டில் இருக்கட்டும், 40ம் 60ம் தனித்தனியாக வீட்டுக்கும் போகட்டும். ரேங்க் கட்டத்தை எடுத்துவிடுங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கு மட்டும் பிழைப் பட்டியல் முறையில் ஒரு வரி. மற்றப் பாடங்களுக்கு வேண்டாம். ஐந்து பாடத்துக்கும் எழுதச் சொன்னால் ஐந்தும் வெறும் சடங்காகிவிடும். எழுதிய வரி மதிப்பெண்ணுக்கு மேலே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மொத்தமே 60, 70 பிள்ளைகள் இருக்கும் கிராமத்து நடுநிலைப் பள்ளிக்குக் கோப்பு முறையைத் துணிந்து சொல்வேன். அங்கே ஆசிரியருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். சந்திப்பை ஞாயிற்றுக்கிழமையோ அறுவடை முடிந்த வாரத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

தனியார் மெட்ரிக் பள்ளிகளின் நெருக்கடி வேறு. "ரேங்க் போடவில்லை என்றால் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்" என்று தாளாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய பயம் பொய்யில்லை. அவருக்குச் சொன்னது, ஒரேயடியாக எடுக்க வேண்டாம் என்பதுதான். முதல் ஆண்டு ஆறாம் வகுப்பில் மட்டும் ரேங்கை நிறுத்தி, அந்த இடத்தில் வகுப்புச் சராசரியைப் போடுங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோருக்கு அது போதும். அந்த வகுப்பு ஏழாம் வகுப்புக்குப் போகும்போது மாற்றமும் கூடவே போகட்டும்.

முழு திறன்வாரி அறிக்கை, பிரிவுக்கு 25 பேருக்குக் குறைவாக இருந்து, ஆசிரியர்களுக்கு வாரத்தில் எழுதுவதற்கென்று இரண்டு பாடவேளை ஒதுக்க முடிந்த பள்ளிக்கே. அந்தப் பாடவேளையை ஒதுக்காமல் இதைத் தொடங்காதீர்கள். தொடங்கினாலும் எந்தக் கட்டத்துக்கும் எண் கொடுத்துக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எடுத்த அன்றே அது இன்னொரு ரேங்க் அட்டை.

எந்த வழியாக இருந்தாலும் அறிக்கை போகும் நாளை மாற்றிப் பாருங்கள். பருவ இறுதியில், விடுமுறைக்கு முதல் நாள் கொடுக்கும் அறிக்கையால் பள்ளியில் ஒன்றும் நடக்காது. இன்னும் நான்கு வாரம் வகுப்பு மிச்சம் இருக்கும்போது கொடுத்தால், அதில் எழுதிய பிழையை அதே ஆசிரியரே திருத்த முடியும்.

## பள்ளியை மாற்ற முடியாத பெற்றோருக்கு

உங்கள் பிள்ளையின் பள்ளி ரேங்க் அட்டையோடுதான் இருக்கிறது, அதை மாற்றும் இடத்தில் நீங்கள் இல்லை என்றால், "ஏன் மார்க் குறைந்தது?" என்று கேட்பதை விட்டுவிட்டு விடைத்தாளைக் கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் வகுப்பிலேயே தாளைக் கொடுக்கிறார்கள், பிள்ளையின் பையில் இருக்கும். மூன்று பாடத்தின் தாளையும் தரையில் பரப்பி, தவறான விடைகளை மட்டும் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். ஒரே மாதிரித் தவறு இரண்டு மூன்று இடத்தில் வருகிறதா? உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையிடமே "இதை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டால் அது சொல்லும். சொல்லும்போதே பல நேரங்களில் அதுவே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், அந்தத் தவறுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு, மறுநாள் ஆசிரியரிடம் அந்த வட்டத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.